தலைவலிதானே என்று இருந்துவிடலாமா?

கர்ப்பிணிப் பெண்ணின் அபாய அறிகுறிகளும், கணவர் செய்ய வேண்டியவையும்



கருவுற்றிருப்பது ஒரு நோயல்ல. பெரும்பாலான பெண்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் பத்து மாதம் சுமந்து, நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கிறார்கள். அதனாலேயே நமக்கு ஓர் அலட்சியமும் வந்துவிடுகிறது. "எங்க ஆத்தா ஆறு புள்ளை பெத்துச்சு. கடைசி நாள் வரைக்கும் களை வெட்டுச்சு. என்ன ஆயிப்போச்சு?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதே ஊரில் பிரசவத்தில் இறந்துபோன பெண்கள் வந்து தங்கள் கதையைச் சொல்ல முடியாதே!

தமிழ்நாட்டில் 2004-06 ஆண்டுகளில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால், 111 தாய்மார்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய பாதி. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதும், ரத்தமும் மருந்தும் ஆம்புலன்சும் நேரத்தில் கிடைப்பதும் இதற்குப் பெரிதும் உதவின. ஆனாலும் 54 என்பது சின்ன எண்ணிக்கையா? அந்த 54 வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

பல வருடங்களுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இளம் தம்பதி. தலைப்பிள்ளை. எட்டாம் மாதம். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளாக முகம் உப்பி, கைவிரல் மோதிரம் இறுகிவிட்டது. "புள்ளைத்தாச்சி முகம் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டில். மூன்றாம் நாள் சாயங்காலம் தாங்க முடியாத தலைவலி. மாமியார் பாசத்தோடு தைலம் தேய்த்துவிட்டார். கணவர் பெட்டிக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்கு அவள், "ஏங்க, கண்ணு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். "தூங்கு, காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார் அவர்.

விடியும் முன்பே வலிப்பு வந்துவிட்டது. யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். யாரோ பூசாரியைக் கூப்பிடச் சொன்னார்கள். பிறகுதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர்கள் தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது அந்தக் கணவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "தலைவலிக்குப் போய் ஆஸ்பத்திரியான்னு நெனச்சுட்டேன் சார். யாரும் எனக்குச் சொல்லலையே" என்றார். எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். கூட்டம் போட்டுத் தாய்மார்களுக்கு நாங்கள் சொல்லியிருந்தோம். வண்டி பிடிக்க வேண்டிய கணவருக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துத்தான் சொல்லி வருகிறேன். இந்தப் பிரசுரத்தையும் நீங்கள் இருவரும் சேர்ந்தே படியுங்கள். படிக்கத் தெரியாத மாமியாருக்கும் மாமனாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மூன்று தாமதங்கள்

ஒரு தாய் இறந்தால், எங்கே நேரம் வீணானது என்று பார்ப்பது சுகாதாரத் துறையின் வழக்கம். அது பெரும்பாலும் மூன்று இடங்களில் வீணாகிறது.

ஒன்று, வீட்டில். இது ஆபத்து என்று தெரியாமல் இருப்பது. தெரிந்தாலும் "அவர் வரட்டும், மாமா வரட்டும், விடியட்டும்" என்று முடிவெடுக்கத் தயங்குவது.

இரண்டு, வழியில். வண்டி இல்லை, கையில் பணம் இல்லை, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியவில்லை.

மூன்று, ஆஸ்பத்திரியில். ரத்தம், மருத்துவர், அறுவைச் சிகிச்சை இவை கிடைக்கத் தாமதமாவது.

மூன்றாவதை அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே கிளம்புங்கள்

1. உதிரப்போக்கு. கர்ப்பமான பிறகு எந்த மாதத்தில் ரத்தம் பட்டாலும் அதை மாதவிலக்கு என்று நினைக்கக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் பட்டால் கரு கலைவதாக இருக்கலாம். நாள் தள்ளிப்போன சில வாரங்களிலேயே அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியும் மயக்கமும் வந்தால், கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கக்கூடும். குழாய் வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே கொஞ்சம்தான் தெரியும். கடைசி மாதங்களில் வலியே இல்லாமல் ரத்தம் வந்தால், நஞ்சு கீழே இறங்கி வாயை அடைத்திருக்கலாம். வயிறு கல் போல இறுகி வலியோடு ரத்தம் வந்தால், நஞ்சு முன்கூட்டியே பிரிந்திருக்கலாம். எதுவானாலும் வீட்டில் வைத்துப் பார்க்கும் காரியமல்ல.

2. கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல். மாலையில் பாதம் லேசாக வீங்கி, காலையில் வடிந்துவிடுவது பலருக்கும் உள்ளதுதான். காலையில் எழுந்ததுமே முகமும் கையும் உப்பியிருந்தால் அப்படி விடக் கூடாது. அதோடு தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது, மார்புக்குழிக்குக் கீழே வலப்பக்க வலி, சிறுநீர் குறைவது இவை சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள் கொள்ளுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இது வரும். தலைப்பிள்ளைக்காரிக்கும் இரட்டைப் பிள்ளை சுமப்பவளுக்கும் அதிகம் வரும். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். சிலருக்கு எந்தத் தொல்லையும் தெரியாமலே அழுத்தம் ஏறிவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கிறார்கள்.

3. வலிப்பு. பழைய காலத்தில் இதை ஜன்னி என்றார்கள். காத்துக் கருப்பு என்றார்கள். இது ரத்த அழுத்தத்தால் வருவது. இதற்கு மக்னீசியம் சல்பேட் என்ற ஊசி மருந்து இருக்கிறது. அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது; பூசாரியிடம் இல்லை.

4. வெளிறிப்போதல், மூச்சு வாங்குதல். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். நாக்கு, உள்ளங்கை, நகம் இவற்றையும் பாருங்கள். சிவப்பு மறைந்து வெளுத்திருந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், படபடப்பு வந்தால், படுத்தால் மூச்சு முட்டினால் அன்றைக்கே போக வேண்டும். ரத்தம் குறைந்த பெண் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் இழந்தாலும் தாங்கமாட்டாள்.

5. குழந்தையின் துடிப்பு குறைதல். ஐந்தாம் மாதவாக்கில் துடிப்பு தெரியத் தொடங்கும். ஏழாம் மாதத்திலிருந்து குழந்தைக்கென்று ஒரு வழக்கம் இருக்கும். அது தாய்க்குத் தெரியும். "மாசம் ஏற ஏறப் புள்ளை அசையாது" என்பது தவறு. சந்தேகம் வந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு கூட இல்லையென்றால் கிளம்புங்கள். துடிப்பே நின்றுவிட்டால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

6. பனிக்குடம் உடைதல். வலி வராமலே நீர் போனால், சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும், சுத்தமான துணி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரமானால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும். நீர் பச்சையாக இருந்தால் உள்ளே குழந்தை திணறுகிறது என்று அறிக.

7. காய்ச்சல். குளிர் காய்ச்சலானாலும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோடு வரும் காய்ச்சலானாலும், நாற்றமுள்ள வெள்ளைப்பாட்டோடு வரும் காய்ச்சலானாலும் கஷாயம் குடித்து நாள் கடத்த வேண்டாம்.

8. நிற்காத வாந்தி. மசக்கை வாந்தி சாதாரணம். குடித்த தண்ணீர் கூடத் தங்காமல், சிறுநீர் மஞ்சளித்துக் குறைந்து, எழுந்தால் தலை சுற்றினால் அது மசக்கையோடு விடுவதல்ல.

9. நாளுக்கு முன்பே வலி, அல்லது நீண்ட வலி. 37 வாரம் முடியும் முன்பு வயிறு விட்டுவிட்டு இறுகினால் குறைப்பிரசவமாக இருக்கலாம். நிறைமாதத்தில் வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வீட்டிலேயே ராத்திரி முழுக்க முக்கிப் பார்ப்பது தாயையும் பிள்ளையையும் பலி கொடுப்பதாகும்.

10. உள்ளங்கை, உள்ளங்காலில் விடாத அரிப்பு, கண் மஞ்சளாதல். ஈரலில் கோளாறு இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

வண்டி வரும் வரை என்ன செய்வது?

108-க்குப் போன் செய்யுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் இந்த ஆம்புலன்ஸ் ஓடுகிறது. காசு கிடையாது. ஊர் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம், எத்தனை மாதம், என்ன தொல்லை என்று சொல்லுங்கள். முனை ரோட்டில் ஒருவரை டார்ச் விளக்கோடு நிறுத்துங்கள். கிராம சுகாதார செவிலியருக்கும் ஒரு போன் போடுங்கள்.

கர்ப்பிணியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து படுத்தால் பெரிய ரத்தக்குழாய் அழுந்தும்.

வலிப்பு வந்தால் பக்கத்தில் உள்ள கட்டை, கல், அடுப்பு இவற்றை அகற்றுங்கள். கைகாலைப் பிடித்து அமுக்காதீர்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது, நேரம்தான் போகும்.

உதிரம் போகும்போது உள்ளே கை விட்டுப் பார்க்கவோ, துணியை உள்ளே அடைக்கவோ யாரையும் விடாதீர்கள். வெளியே துணி வைத்து, நனைந்த துணிகளைக் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு ரத்தம் போனது என்று அதைப் பார்த்து மருத்துவர் கணக்கிடுவார்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரையோ, வலி வரவழைக்கும் ஊசியோ வாங்க வேண்டாம். சில வலி மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்கும்.

தாய் சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணவர்மார்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள்

உங்கள் மனைவி "ஏதோ மாதிரி இருக்குங்க" என்று சொல்லத் தயங்குவாள். செலவாகுமே, அத்தை என்ன சொல்வார்களோ, இந்த நேரத்தில் அறுப்பு வேலை கிடக்கிறதே என்றெல்லாம் யோசிப்பாள். சாயங்காலம் வேலை முடித்து வந்ததும் நீங்களே கேளுங்கள்: "தலை வலிக்குதா? புள்ளை அசையுதா? ரத்தம் கித்தம் பட்டுச்சா?" இதைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஏழாம் மாதத்துக்குள் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்து முடியுங்கள்.

எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று முடிவு செய்யுங்கள். சிக்கலில்லாத பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ஏற்கெனவே ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர், இரட்டைப் பிள்ளை, ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதய நோய் உள்ளவர், 18 வயதுக்குக் குறைந்தவர், 35-ஐத் தாண்டியவர், 140 சென்டிமீட்டருக்கும் குட்டையானவர், முன்பு பிள்ளை வயிற்றிலேயே இறந்தவர் இவர்களெல்லாம் அறுவைச் சிகிச்சையும் ரத்தமும் எந்த நேரமும் கிடைக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்குள்ள சீமாங் மையம் இதற்கென்றே இருக்கிறது.

இருவருடைய ரத்த வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு ரத்தம் கொடுக்க இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள். மனைவிக்கு நெகட்டிவ் வகை, குழந்தைக்குப் பாசிட்டிவ் வகை என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். அது அடுத்த பிள்ளையைக் காக்கும்.

நீங்கள் வெளியூர் போயிருந்தால் யார் முடிவெடுப்பது? இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்க" என்று வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்பதும் முடிவாகியிருக்கட்டும். இந்தச் சின்ன விஷயங்களால் அரைமணி, ஒருமணி என்று தாமதமான வீடுகள் உண்டு.

வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீடு போகும்போது சீர்வரிசையோடு அட்டையும் போக வேண்டும். அந்த ஊர் செவிலியரிடம் போன உடனே காட்டச் சொல்லுங்கள். இங்கே அழுத்தம் ஏறியிருந்தது அங்கே தெரியாமல் போய்விடக் கூடாது.

வருமுன் காப்பது

நாள் தள்ளியதும், 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். குறைந்தது நான்கு முறையாவது பரிசோதனை அவசியம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவரே பார்க்கும் திட்டம் 2016 முதல் நடைபெறுகிறது.

இரும்புச் சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள், தினமும் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக உடலில் ஒட்டும். டீ, காபியோடு வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள். மலம் கறுப்பாகப் போவது கண்டு பயப்பட வேண்டாம். "மாத்திரை தின்னா புள்ளை கறுப்பாயிடும், பெருத்துடும்" என்பது வெறும் பேச்சு. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, மீன் கிடைப்பதைக் கொடுங்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். 2011 முதல் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாம் இலவசம். 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமும் இருக்கிறது. விவரம் செவிலியரிடம் கேளுங்கள்.

பிள்ளை பிறந்ததும் கவலை தீர்ந்ததா?

இல்லை. நிறைய தாய்மார்கள் பிரசவமான பிறகுதான் இறக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கனமான துணி முழுக்க நனைவது, கட்டி கட்டியாக ரத்தம் போவது, தலை சுற்றி வியர்ப்பது இவை உயிர் போகும் அறிகுறிகள். சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். "கெட்ட ரத்தம் போகட்டும்" என்று விடாதீர்கள். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, தலைவலி, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் இவை 42 நாளுக்குள் எப்போது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பிரசவமானதும் அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் குறைந்தது 48 மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கவிடுங்கள்.

அடுத்த குழந்தைக்கு மூன்று வருட இடைவெளி விடுங்கள். தாயின் உடம்பு தேறவும், இருக்கும் பிள்ளை வளரவும் அந்த இடைவெளி வேண்டும். அதற்கான வழிகளைச் செவிலியரிடம் இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.

அந்தத் தம்பதி மறுபடி வந்தார்கள்

முதலில் சொன்ன தம்பதியை மறந்திருக்கமாட்டீர்கள். அவர்கள் காத்திருந்து, உடம்பு தேறி, மறுபடி கருவுற்றபோது இரண்டாம் மாதத்திலேயே வந்தார்கள். முன்பு நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கணவர் கூடவே வந்தார். ஏழரை மாதத்தில் ஒரு நாள் தலைவலி. மணி இரவு எட்டு. மாமியார் தைலத்தைத் தேடவில்லை. அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒன்பது மணிக்கு அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அழுத்தம் ஏறித்தான் இருந்தது. மருந்து கொடுத்து, படுக்கையில் வைத்துப் பார்த்து, நேரம் பார்த்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

முதல் பிள்ளையின் நினைவு அந்த வீட்டை விட்டுப் போகவில்லை, போகவும் போகாது. அந்த வருத்தம் உங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.

சந்தேகம் வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். வீணாக வந்தோமே என்று எந்தச் செவிலியரும் உங்களைக் கோபிக்கமாட்டார். "ஒண்ணுமில்லம்மா, போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவதுதான் எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

தாயைக் காப்போம்! சேயைக் காப்போம்! தாமதத்தைத் தவிர்ப்போம்!